ஒலிபெருக்கியில் நீ கேட்டது என்னவென்றால்

அன்புத் தங்கை ஸ்லாவ்காவுக்கு,

யாவோரிலிருந்து உன் அண்ணன் ஒட்டோகர் எழுதுவது. நான் சுகம், ஊர் சுகம், உன் கணவன் ராடிமும் சுகம். இந்த மூன்றாவது சுகத்தைப் பற்றித்தான் மீதிக் கடிதம். அங்கே லின்ஸ் நகரில், துணைக்குப் போயிருக்கும் நீயும் மகள் ஹெட்விகாவும் அவள் பெற்றிருக்கும் இரட்டையரும் நலமாக இருக்கிறீர்கள் என்றும், அந்த இரண்டில் ஒன்றாவது தூங்கக் கற்றுக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். மருமகனுக்கு என் அன்பைச் சொல். அவர் ஆஸ்திரியர் என்பதையோ, மலையிலிருந்து கீழே சறுக்கிவருவதைத்தான் விளையாட்டு என்று நினைக்கிறார் என்பதையோ நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டாய். "அந்த ஆள்கிட்ட நான் பேசமாட்டேன். நீ எழுது அண்ணா. முதல்லேருந்து எழுது. வாய்ல கேட்டா நீ மழுப்புவே" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் கணவன் இப்போது என் வீட்டு சோபாவில்தான் படுத்திருக்கிறான். "என்ன எழுதுறே மச்சான்?" என்று கேட்டான். மின்வாரியத்துக்குப் புகார் என்று சொல்லியிருக்கிறேன். இனி மழுப்பாமல் எழுதுகிறேன்.

எல்லாம் அக்டோபரில் ஆரம்பித்தது. நமது ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன் ப்ரோகோப், எதிரணிக்காரன் மட்டையால் அடித்த ரப்பர் வட்டைக் கணுக்காலால் தடுத்தான். வட்டு நின்றது, கணுக்கால் உடைந்தது. அது மரியாதையான காயம், அரங்கமே எழுந்து நின்று கைதட்டி அவனை ஆம்புலன்சில் ஏற்றியது. அதற்குப் பிறகு வந்த காயங்கள் எதுவும் அப்படி வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. செஸ்ட்மிர் விடுமுறை நாளில் மாமியாரோடு காட்டுக்குக் காளான் பறிக்கப் போனான். பெரிய காளான் ஒன்றை மாமியாருக்கு முன்னால் எட்டிவிட வேண்டும் என்று பாய்ந்து, மரவேர் தடுக்கி, தோள்பட்டை இறங்கிவிட்டது. காளானை மாமியாரே எடுத்துக்கொண்டார். யாஹிமுக்குக் குழந்தையிடமிருந்து அம்மை ஒட்டிக்கொண்டது. அத்தனை பெரிய உடம்பில் அம்மை போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்துபோனார்கள். இவர்களுக்குப் பதிலாக ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒருவனை அவசரமாக வரவழைத்தார்கள். அவன் பேருந்திலிருந்து யாவோர் மண்ணில் முதல் காலை வைத்தபோதே தொடைச் சதை பிடித்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் திரும்பிப் போனான். அவனைத் தூக்கி ஏற்றியதில் அணியின் மசாஜ்காரருக்கு இடுப்பு பிடித்தது. அவருக்கு மசாஜ் செய்ய ஊரில் வேறு ஆள் கிடையாது.

பின்களத்தில் ஆறு பேர் இருந்தால்தான் இரண்டிரண்டு பேராக மாறி மாறி மூச்சு வாங்கிக்கொண்டு ஆடமுடியும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அப்படி ஆறு பேரில் ஒருவனாக ஆடியவனோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. எங்களுக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள். பயிற்சியாளர் ஹினெக் வேறு வழி தெரியாமல் முன்வரிசையில் ஆடும் லுமிரைப் பின்னால் இழுத்துப்போட்டார். லுமிரை உனக்குத் தெரியும், ரொட்டிக்கடைக்காரர் மகன். ராடிமிடம் கார் ஓட்டப் பழகி, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பித் திருப்பியே தேர்வில் மூன்று முறை தோற்றவன். அவனுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் உலகம். வட்டு எங்கே போனாலும் பின்னாலேயே ஓடிவிடுவான். அவன் காவல் காக்க வேண்டிய இடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தன்னந்தனியாக நின்று, நமது கோல்கீப்பர் டாலிபோரிடம் சாவகாசமாக வணக்கம் சொல்லிவிட்டு வட்டை உள்ளே தள்ளுவான். மற்ற மூவரும் களைப்பில் கண் இருண்டுபோய், ஒரே வட்டுக்கு இரண்டு பேர் பாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். ஆள் மாற்றும்போது இறங்க வேண்டியவன் இறங்கமாட்டான், ஏற வேண்டியவன் ஏறிவிடுவான். அதிகப்படி ஆளுக்காக நடுவர் தண்டனை கொடுப்பார். நவம்பரில் ஒருநாள் நமது ஆளே நமது வலைக்குள் மிக அழகாக ஒரு கோல் போட்டான். அந்தப் பருவத்தில் யாவோர்க்காரன் போட்ட கோல்களிலேயே அழகானது அதுதான் என்று தொத்திறைச்சி விற்கும் குவேதா அம்மாள் இன்னமும் சொல்கிறார்.

இதையெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். என் வேலையை நீ அறிவாய். எரிமலை வெடித்ததையும் கோதுமை விளைந்ததையும் ஒரே குரலில் பாடம் நடத்திய புவியியல் வாத்தியார் நான். ஓய்வுக்குப் பிறகு அரங்கத்தில் நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கோல் போட்டாலும் அதே குரலில் சொல்கிறேன். நமது கோலுக்குக் குரலை உயர்த்தக்கூடாது, அவர்கள் கோலுக்குத் தாழ்த்தக்கூடாது; அதுதான் நாகரிகம். இந்தக் குளிர்காலத்தில் எதிரணிக்காரர் பெயர்களை அவ்வளவு முறை சொல்லிப் பழகிவிட்டதால், கடைத்தெருவில் நமது பையன்களைப் பார்த்தால் பெயர் ஞாபகம் வருவதில்லை.

ஜனவரியில் நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் பீர் ஆலை விளம்பரத்தை நிறுத்திவிடும், அரங்கத்தை மரச்சாமான் கிடங்குக்கு வாடகைக்கு விட்டுவிடுவோம் என்று மேயர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் ஹினெக் ராடிமின் ஓட்டுநர் பள்ளிக்குப் போனார். நானும் கூட இருந்தேன், தற்செயலாக இல்லை, ஹினெக் கூப்பிட்டதால் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"டேய் ராடிம், பின்னால நிக்க ஆளே இல்லடா. உன் பேரு இன்னும் கிளப்புல பதிவாத்தான் இருக்கு. சும்மா வந்து நில்லு. ஓட வேண்டாம்" என்றார் ஹினெக்.

"எனக்கு நாப்பத்திநாலு வயசுடா."

"எருமை மாதிரி நிக்கறதுக்கு வயசு எதுக்கு?"

"ஸ்லாவ்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இனி ஐஸ்ல கால் வைக்கமாட்டேன்னு" என்றான் உன் கணவன். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். அவன் முதலில் அதைத்தான் சொன்னான்.

அவன் கடைசியாகத் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது உன்னைப் பார்த்து, "நர்ஸம்மா, என் பொண்டாட்டிக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டதும், நீ சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஹினெக்குக்கும் எனக்கும் தெரியும். ஹினெக் தொப்பியை எடுத்துக்கொண்டு, "சரிடா, மறந்துடு" என்று எழுந்துவிட்டார். அப்போது ராடிம் வெளியே நின்ற மஞ்சள் பயிற்சிக் காரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், நாள் பூரா பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவன் ஓட்டறதையே பாத்துட்டிருக்கேன். என் காலுக்குக் கீழ இருக்கறது ஒரே ஒரு பிரேக். அதுவும் அவசரத்துக்கு." பிறகு, "ஸ்லாவ்கா ஒவ்வொரு ஆட்டத்தையும் அங்கேருந்து இணையத்துல கேக்கறா. உன் குரலக் கேட்டா ஊர்ல இருக்கற மாதிரி இருக்குதாம். என் பேர மட்டும் மைக்குல சொல்லிடாத" என்றான்.

சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து நீ கேட்ட 'முப்பத்தேழாம் எண் வீரர்' உன் கணவன்தான். "யாரு அண்ணா அது, பேரே சொல்ல மாட்டேங்கறே?" என்று பிப்ரவரியில் கேட்டாய். புதிதாக வந்தவன், பெயரை உச்சரிப்பது கடினம் என்றேன். பெயரைச் சொல்ல முடியாது என்பதுவரை அது உண்மை. ஊர் முழுவதும் இந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் புகைப்படத்தில் அவன் முகத்துக்கு நேராக ஸ்கோரை அச்சடித்தான். பாதிரியார்கூட உன்னிடம் பேசியபோது வானிலையைப் பற்றி மட்டும் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

அவன் ஆடியது எப்படி என்றால், முதல் ஆட்டத்தில் அவன் பனியில் இறங்கியதும் எதிரணி ரசிகன் ஒருவன், "டேய், தாத்தா வழிதவறி உள்ள வந்துட்டாருடா, பஸ் ஸ்டாண்டு காட்டுங்கடா!" என்று கத்தினான். நமது ஆட்களும் சும்மா இல்லை. பாதிப்பேர் அவனிடம் உரிமம் வாங்கியவர்கள், "மாஸ்டர், ஹேண்ட்பிரேக்கை எடுங்க!", "மாஸ்டர், ரெண்டாவது கியர்!" என்று ஒரே உபதேசம். இருபது வயதுப் பயல்கள் அவனைத் தாண்டிப் போனார்கள், நீ மளிகைக்கடையில் கிழவர்களைத் தாண்டிப் போவாயே, அப்படி. ஆனால் அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நகர முடியவில்லை என்றும் சொல்லலாம். வலைக்கு முன்னால் நின்றுகொண்டு ஓயாமல் பேசினான். "லுமிர், கண்ணாடி! கண்ணாடியப் பாருடா! பின்னாடி ஆள் வரான்!" லுமிர் பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பினான், திருப்பினால் நிஜமாகவே அங்கே ஆள் இருந்தான். அவன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பின்னால் ஒரு உலகம் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து அரங்கமே "கண்ணாடி! கண்ணாடி!" என்று கத்த ஆரம்பித்தது. டாலிபோர் என்னிடம் வந்து, "சார், மாஸ்டர் தடுக்கறது கம்மிதான். ஆனா முன்னாடி நின்னு யாராவது பேசிட்டிருந்தா எனக்குப் பயமா இல்ல" என்றான். நாங்கள் ஜெயிக்க ஆரம்பிக்கவில்லை. குறைவாகத் தோற்க ஆரம்பித்தோம், பிறகு சில ஆட்டங்களைச் சமன் செய்தோம். கடைசி ஆட்டம்வரை பிழைத்துக் கிடந்தோம்.

அந்தக் கடைசி ஆட்டம்தான் சனிக்கிழமை நீ கேட்டது. எதிரே வ்ரானோவ்கா அணி. தோற்றவர்கள் கீழே போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நமது மீதமிருந்த மூவரில் ஒருவனுக்குக் கல்யாண விருந்தில் சாப்பிட்ட கெண்டைமீனின் முள் தொண்டையில் மாட்டி, அவனும் போனான். ராடிமுக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை. ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் பகுதியில் கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. பெஞ்சுக்கு அவன் வந்து உட்கார்ந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அவன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. "போதும் மாப்ளே, ஹினெக்கிட்ட சொல்லிட்டு இறங்கிடு" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம்தான் மச்சான். நீ மைக்கப் பாரு" என்றான்.

கடைசி நிமிடங்களில் வ்ரானோவ்கா நம்மை வலைக்குள் தள்ளி அடைத்துவிட்டது. லுமிர் எங்கே என்று பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வட்டு எப்படியும் வெளியே வரும் என்று அவனாகவே முடிவுசெய்து, காவலை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் நடுக்கோட்டில் போய் நின்றுகொண்டிருந்தான். ஹினெக் பெஞ்சின்மேல் ஏறி நின்று அவன் குடும்பத்தை முன்னோர்வரை விசாரித்தார். அரங்கம் "கண்ணாடி! கண்ணாடி!" என்று கதறியது. லுமிர் திரும்பவே இல்லை. அவன் விட்டுவிட்டு வந்த இடத்திலிருந்து வ்ரானோவ்காக்காரன் ஓங்கி அடித்தான். ராடிம் குறுக்கே விழுந்தான். அவன் குறுக்கே போனதை நான் பார்த்தேன். வட்டு எங்கே பட்டது என்பது தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. விழுந்தவன் முகம் குப்புறக் கிடந்தான். அசையவில்லை.

ஸ்லாவ்கா, அதற்கப்புறம் ஒலிபெருக்கியில் என்ன நடந்தது என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. ஒலிப்பதிவைப் பிறகு கேட்டதால் சொல்கிறேன். "ராடிம்! ராடிம்! எந்திரிடா! டேய், அவளுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன், எந்திரிடா!" என்று ஒருவன் கத்துகிறான். அது நான். அதே நேரத்தில் அரங்கம் முழுவதும் காது கிழிய ஆரவாரிக்கிறது. அதைத்தான் நீ லின்ஸில் கேட்டாய். உன் கணவன் விழுந்துகிடக்க, ஊரே கொண்டாடுவதாக. பிறகு ஒலி நின்றுவிட்டது. நான் ரம் கலந்த தேநீரை மைக்கின்மேல் கொட்டிவிட்டேன். நீ அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பாய் என்பதை என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. அதனால் எழுதவில்லை.

நடந்தது இது. ராடிம் மார்பில் பட்ட வட்டு துள்ளி நடுக்கோட்டுக்குப் போயிற்று. அங்கே, இருக்கக்கூடாத இடத்தில், லுமிர் மட்டும் இருந்தான். எதிரே கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. போனான், போட்டான். பருவம் முழுக்க எங்களைக் கொன்ற அதே தவறு கடைசியில் ஜெயித்துக் கொடுத்தது. அந்தக் கோலை நான் இன்றுவரை அறிவிக்கவில்லை. மேஜையை விட்டு, செருப்புக் காலோடு பனியில் ஓடி, இரண்டு தடவை விழுந்து, ராடிம் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

கண் திறந்துதான் இருந்தது. உதட்டில் ரத்தம், முன்பல் ஒன்று இல்லை. "மாப்ளே, நான் யாரு?" என்றேன்.

"ஒட்டோகர். கத்தாத" என்றான்.

"அப்புறம் ஏன்டா அசையாம கிடக்கறே?"

"அன்னைக்கு டாக்டர் சொன்ன மாதிரி எனக்கு நானே கேள்வி கேட்டுப் பாத்தேன் மச்சான். என் பேரு வந்துச்சு. தெரு வந்துச்சு. கார் நம்பர் வந்துச்சு. ஸ்லாவ்கா பொறந்த நாள் வரல. எவ்வளவு யோசிச்சும் வரல. திரும்பவும் மண்டையில ஏதோ ஆயிடுச்சு. அவ வரும்போது அவளையே தெரியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

நான் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினேன். "அது உனக்குக் கல்யாணமான நாள்லேருந்தே தெரியாதுடா. வருஷா வருஷம் நான்தான் முந்தின நாள் போன் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆமால்ல" என்றான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அரங்கம் கைதட்டியது. ஹினெக் அழுதார்.

மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டார். தலையில் ஒன்றும் இல்லை. இந்த வாக்கியத்தை நீ எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள். விலா எலும்பு இரண்டில் கீறல், பல் ஒன்று போயிற்று, இருமினால் வலிக்கிறது. வீட்டில் தனியாக விட வேண்டாம் என்றதால் இங்கே கொண்டுவந்து படுக்கவைத்து, நூல் நூலாக இருக்கும் சோயிக்கீரை போட்ட குழம்பும் உருண்டைக் கொழுக்கட்டையும் கொடுக்கிறேன். மெல்ல முடியாததை விழுங்குகிறான். காலணியையும் உடுப்பையும் கிளப்பில் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி இல்லை என்று என் முன்னால் சொல்லிவிட்டான்.

அவன் உனக்குக் கொடுத்த வாக்கை மீறினான். நானும் கூட நின்றேன். உன் கோபம் நியாயமானது, அதை நான் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எடைபோட்டுப் பார். அவன் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நமது அரங்கத்தில் அலமாரிகள் அடுக்கியிருப்பார்கள். இந்த ஊரில் குளிர்காலத்தில் மனிதர் கூடுவதற்கு வேறு இடம் இல்லை. ஒரு பல்லுக்கும் இரண்டு விலா எலும்புக்கும் ஒரு ஊர் பிழைத்தது என்று வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் தொலைபேசியை எடுத்து அவனிடம் இரண்டு வார்த்தை திட்டு. திட்டாமல் இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஹெட்விகாவுக்கு என் ஆசி. சின்னவர்கள் இருவரும் நல்ல எலும்போடு வளரட்டும், பின்களத்தில் ஆடாமல் இருக்கட்டும். உன் முதுகுவலியைக் கவனித்துக்கொள். குழந்தைகளைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ஒட்டோகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஹினெக் வந்தார், தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. நம் பிரிவில் எல்லைப் பக்கத்து அணிகள் இரண்டு ஒன்றாக இணைந்துவிட்டனவாம். ஓர் இடம் காலி. ஆகவே இந்த வருடம் யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. நாங்களும் இல்லை, வ்ரானோவ்காவும் இல்லை. ஹாக்கி சங்கம் இதைப் போன புதன்கிழமையே முடிவுசெய்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டதால் இன்றுவரை சொல்லவில்லை. மேலே எடைபோட்டுப் பார்க்கச் சொன்னேனே, அதை அடித்துவிடவும். ராடிமிடம் யார் சொல்வது என்று நானும் ஹினெக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சோபாவிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். இருமக்கூடப் பயந்து கிடந்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ" என்று சிரிக்கிறான். நிறுத்துடா என்றால் கேட்கவில்லை. ஹினெக்கும் சேர்ந்துகொண்டார். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்கும் பேனா பிடிக்க முடியவில்லை, இத்தோடு நிறுத்துகிறேன்.